வேர்ப்பங்கசு இட்டும் பயிர் வாடுகிறதா? வன்னி நிலத்துக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

வேர்ப்பங்கசு இட்ட பின்னும் மிளகாய் துவண்டால், கச்சான் மஞ்சளித்தால், பயற்றின் இலையோரம் கருகினால், முதலில் குறை சொல்லப்படுவது பொதியில் இருந்த தூளே. “ஐயா, பங்கசு போட்டும் ஒண்டும் காணேல்லை” என்று அழைக்கப்பட்ட தோட்டங்களில் நான் முதலில் செய்வது மண்வெட்டியை எடுத்து ஒரு செடியை வேரோடு கிளப்பிப் பார்ப்பதுதான். அப்படிப் பார்த்ததில் சில இடங்களில் தூள் உண்மையாகவே செத்துப்போயிருந்தது. பல இடங்களிலோ தூளுக்குத் தொடர்பில்லாத வேறொன்று, கிணற்று நீரோ பசளையோ மருந்தோ அடித்தண்டு அழுகலோ, பயிரை வாட்டிக்கொண்டிருந்தது. அந்த வேறுபாட்டைக் கமக்காரர் தாமே கண்டறிந்துகொண்டால் வீண் செலவும் வீண் மனக்கசப்பும் குறையும் என்பதனால், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழியை இங்கே எழுதுகிறேன்.

வேர்ப்பங்கசு என்று நான் குறிப்பது, பயிரின் வேருக்குள் கிளைத்து, வெளியே மண்ணில் நுண்ணிய நூலிழைகளாகப் பரவும் மைக்கோரைசாப் பங்கசையே. தமிழ்நாட்டிலிருந்து வரும் பொதிகளில் இது வேர் உட்பூசணம் என்றோ வேம் என்றோ அச்சிடப்பட்டிருக்கும். இதன் நூலிழை வேர்மயிரைவிட மெல்லியது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் தூரத்திலுள்ள பொசுபரசை விரைவில் தீர்த்துவிடுகிறது; பொசுபரசு மண்ணில் மிக மெதுவாகவே நகர்வதால் அந்த வெறுமை தானாக நிரம்புவதில்லை. நூலிழை அவ்வெல்லையைக் கடந்து பல சென்ரிமீற்றர் சென்று, வேர் நுழைய முடியாத துளைகளிலிருந்து பொசுபரசையும் துத்தநாகத்தையும் சிறிதளவு நீரையும் கொண்டுவந்து சேர்க்கிறது. மண் காயக் காயப் பொசுபரசின் நகர்வு இன்னும் மந்தமாகும் என்பதால் வரட்சியில் இவ்வுதவியின் பெறுமதி கூடுகிறது. உவர் நிலத்தில் அதன் உதவி வேறு விதமானது: செடிக்குள் சோடியம் மிகுந்து பொற்றாசியம் குறைந்துபோகாதபடி அது சமநிலையைக் காக்கிறது. மண்ணிலுள்ள உப்பை அது அகற்றுவதில்லை. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் கைமாறாகச் செடி தான் ஒளித்தொகுப்பால் சேர்த்த காபனில் 4 முதல் 20 சதவீதம் வரை பங்கசுக்குக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பிழைகளில் பாதி தாமாகவே விளங்கும்.

எதையும் சோதிப்பதற்கு முன் ஒரு முன்னேற்பாடு வேண்டும். தோட்டத்தின் நடுவே மூன்று வரிசையாவது தூள் இடாமல் விடப்பட்டிருக்க வேண்டும். அவ்வரிசைகளில் அதே அளவு தூளை அரை மணிநேரம் நீரில் கொதிக்கவைத்து, ஆறிய பின் இட்டால் இன்னும் நல்லது. தூளோடு வரும் மண்ணும் சேதனப் பொருளும் இரு பக்கத்துக்கும் ஒன்றாகிவிட, உயிருள்ள பங்கசு மட்டுமே வேறுபாடாக நிற்கும். இவ்வாறான ஒப்பீட்டு வரிசை இல்லாத தோட்டத்தில் மழையின் பலனைப் பங்கசுக்கும், பங்கசின் பலனை மழைக்கும் எழுதிவிடுவோம்.

அறிகுறி: முதல் மூன்று நான்கு வாரங்களில் தூள் இட்ட செடி மற்றதைவிடச் சற்று மெலிந்து நிற்கிறது

இது பெரும்பாலும் பிழையன்று. பங்கசின் விதை போன்ற வித்தி முளைத்து வேருக்குள் நுழைந்து வெளியே நூலிழை விரிக்கும் வரை, பங்கசு வாங்குகிறதே தவிரத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆறாவது வாரத்திலும் மெலிவு தொடர்ந்தால் மட்டுமே காரணம் தேட வேண்டும். இடைக்காலத்தில் பயந்துபோய் யூரியாவையும் பொசுபரசுப் பசளையான ரி.எஸ்.பி.யையும் கூட்டிப் போடுவதுதான் உண்மையான பிழையாக முடிகிறது.

அறிகுறி: தூள் இட்ட வரிசைக்கும் இடாத வரிசைக்கும் வேறுபாடே தெரியவில்லை

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இதுவே. இதற்குக் காரணங்களும் பல. நான் பார்க்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலாவதாக, பயிர் எது என்று கேளுங்கள். கோவா, ராபு, கடுகு ஆகியவற்றின் குடும்பமும், பீற்றூட், கீரைத்தண்டு ஆகியவற்றின் குடும்பமும் பொதுவாக இப்பங்கசை வேரில் ஏற்பதில்லை. அவற்றுக்கு இட்ட தூள் வீண். வெங்காயம், மிளகாய், கத்தரி, தக்காளி, கச்சான், உளுந்து, பயறு, கௌபி, சோளன், குரக்கன், மரவள்ளி, வாழை, பப்பாசி ஆகியன ஏற்பவை. அவற்றுள் வேர்மயிர் குறைந்த வெங்காயமும் தடித்த வேர் கொண்ட மரவள்ளியும் இதனை மிகவும் நம்பி வாழ்பவை. முந்திய போகத்தில் கோவாவோ ராபுவோ நின்ற காணியில் மண்ணிலிருந்த பங்கசும் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, தூள் எங்கே இடப்பட்டது? மண்ணின் மேல் தூவியதும், இலையில் தெளித்ததும், மாதக்கணக்கில் வளர்ந்த செடியைச் சுற்றி ஊற்றியதும் வேரைத் தொட்டிருக்கச் சாத்தியம் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நாற்றுமேடைக்குச் சதுர மீற்றருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில். பொலித்தீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம். நடுகையின்போது குழிக்கு 20 கிராம். முளைவேர் கீழே இறங்கும்போது தூளினூடாகவே போக வேண்டும் என்பதே இதன் உட்பொருள். வன்னியில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடையே மிகச் சிறந்த இடம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஏனெனில் நாற்றழுகலைத் தடுப்பதற்காக வைக்கோலும் உமியும் பரப்பி மேடையை எரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த நெருப்பு நோய்க் கிருமியோடு மண்ணின் இயற்கைப் பங்கசையும் அழித்துவிடுகிறது. எரித்து ஆறிய மேடையில் தூள் இட்டால் போட்டியின்றி வேரைப் பிடிக்கும். செலவாகும் தூளும் கொஞ்சம். நடுகைக்குப் போகும்போதே நாற்று பங்கசோடு போகும்.

மூன்றாவதாக, பொசுபரசு. மண்ணில் அது தாராளமாக இருக்கும்போது செடி பங்கசுக்குக் காபன் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வேரில் குடியேற்றமும் குறைகிறது. ஆண்டுதோறும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிப்பசளையும் கோழி எருவும் கொட்டப்பட்ட தோட்டங்களில் வேறுபாடு தெரியாததற்கு இதுவே முதற்காரணம். கோழி எரு இரட்டைத் தீங்கு செய்யக்கூடியது. அதில் பொசுபரசும் அதிகம், உப்பும் அதிகம். மண் பரிசோதனை செய்து, பொசுபரசு போதிய அளவில் இருப்பதாக அறிக்கை சொன்னால், சில வரிசைகளில் மட்டும் ரி.எஸ்.பி.யைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பரிசோதனை இல்லாமல் தோட்டம் முழுவதும் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொசுபரசு உண்மையிலேயே இல்லாத மணல் நிலத்தில் பங்கசு கொண்டுவருவதற்கும் ஒன்றும் இராது.

நான்காவதாக, பங்கசுநாசினி. காபன்டசிம்மும், செடியிலும் மண்ணிலும் காபன்டசிம்மாக மாறும் தயோபனேற் மெதைலும் வேர்ப்பங்கசையும் தாக்குகின்றன. இவற்றை நாற்றின் அடியில் ஊற்றிய மறுநாள் தூள் இடுவது பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம். மெட்டலக்சில் அவ்வாறு கெடுப்பதில்லை. நோய் வந்தால் மருந்து அடிக்கத்தான் வேண்டும். ஆனால் வேரில் ஊற்றுவதா இலையில் தெளிப்பதா, எந்த மருந்து என்பதைத் தூள் இடுமுன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாகத்தான் தூளைச் சந்தேகிக்க வேண்டும். இது உயிர்ப்பொருள். தகரக் கூரையின் கீழ் யூரியா மூட்டைகளோடு பங்குனி, சித்திரை வெயிலில் கிடந்த பொதியில் உயிர் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பொதியில் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும், கிராமுக்கு எத்தனை வித்திகள் என்பதும், எந்த இனம் என்பதும் இருக்க வேண்டும். யூக்கலிப்டஸ், பைன் போன்ற மரங்களுக்குரிய வெளிவேர்ப்பங்கசு இனங்கள் மட்டும் உள்ள பொதி நம் தோட்டப் பயிருக்கு உதவாது. திரைக்கோடெர்மா என்று எழுதியிருந்தால் அது நல்லதொரு பங்கசுதான், ஆனால் வேறொரு வேலைக்குரியது. நோய்க் கிருமியை எதிர்ப்பது அதன் வேலை, பொசுபரசைக் காவி வருவதன்று.

தூளில் உயிர் உண்டா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தோட்ட மண்ணும் ஆற்று மணலும் சம பங்காகக் கலந்து, ஆவியில் ஒரு மணிநேரம் அவித்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள். நான்கு தொட்டிகளில் நிரப்பி, இரண்டில் தூளையும் இரண்டில் கொதிக்கவைத்த தூளையும் விதைக்குக் கீழே இட்டு, வெங்காய விதையோ இறுங்கோ விதையுங்கள். ஆறு வாரத்தில் இரு சோடிக்கும் வளர்ச்சியில் வேறுபாடு இல்லாவிட்டால் வேரைச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சில நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் கழுவி, 5 சதவீதம் நீலப் பேனா மை கலந்த வெள்ளை வினாகிரியில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, பின் சில துளி வினாகிரி சேர்த்த நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால், நுணுக்குக்காட்டியின் கீழ் வேருக்குள் நீல நூல்களும் சிறு பைகளும் தெரியும். ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் எரிக்கும் பொருளாகையால் இதனைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வதே முறை. உயர்தர மாணவர்களுக்கு இது நல்லதொரு செயற்பாடாகவும் அமையும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருப்பதால் ஆலோசனை கேட்பதற்குத் தூரம் போக வேண்டியதும் இல்லை.

இவையனைத்தும் சரியாக இருந்தும் வேறுபாடு தெரியாவிட்டால், இடாத வரிசையின் வேரையும் சாயமேற்றிப் பாருங்கள். அதிலும் நீல நூல்கள் நிறைந்திருந்தால் உங்கள் மண்ணில் ஏற்கனவே போதிய பங்கசு வாழ்கிறது. அது மகிழ வேண்டிய செய்தி. அடுத்த போகத்தில் தூள் வாங்கத் தேவையில்லை, இருப்பதைக் கெடுக்காமல் காத்தாலே போதும்.

அறிகுறி: இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன, மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது

பூநகரியின் கரையோரத்திலும், பரந்தனிலிருந்து ஆனையிறவு நோக்கிச் சரியும் தாழ்நிலத்திலும், நந்திக்கடல், கொக்கிளாய் நீரேரிகளின் ஓரங்களிலும் இவ்வறிகுறியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வரட்சியால் வாடும் செடி நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும். உப்பால் வாடும் செடியோ இலை சிறுத்து, கரும்பச்சை நிறமாகி, முதிர்ந்த இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காயும். பொற்றாசியக் குறைபாடும் ஏறத்தாழ இப்படித்தான் தோன்றும் என்பதால் கண்ணை மட்டும் நம்பாமல், உப்பளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும்.

நிரம்பல் மண்சாற்றில், அதாவது நீரால் நிரம்பச் செய்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சாற்றில், மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் எனும் அளவைத் தாண்டிய மண் உவர்மண் எனப்படும். ஆனால் பயிருக்குப் பயிர் எல்லை வேறு. வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, சோளனுக்கு 1.7, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3.0, கச்சானுக்கு 3.2, கௌபிக்கு 4.9 என்பன விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லைகள். எல்லையைக் கடந்த பின் மிளகாய் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 14 சதவீதம் இழக்கிறது. கச்சானோ நெடுநேரம் தாங்கி நின்றுவிட்டு அலகுக்கு 29 சதவீதம் என்று சரிகிறது. கைக்கருவியால் ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு நீரில் கலக்கி அளந்தவர்கள் அந்த எண்ணை இவ்வெல்லைகளோடு நேரே ஒப்பிடக்கூடாது. மணல் மண்ணில் அதை ஏறத்தாழ 14 ஆலும், களிமண்ணில் 7 அல்லது 8 ஆலும் பெருக்கிய பின்பே ஒப்பிட வேண்டும். இதை அறியாமல் “0.3 தானே, பயமில்லை” என்று மணல் காணியில் வெங்காயம் நட்டு முழுவதையும் இழந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அந்த 0.3 உண்மையில் 4 ஐத் தாண்டிய உவர்.

எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் மண்ணில் வேர்ப்பங்கசு உண்மையாகவே கைகொடுக்கும். அதற்கும் மேலே போனால் உப்பு பங்கசின் வித்தி முளைப்பதையே தாமதப்படுத்தி, நூலிழையின் வளர்ச்சியையும் ஒடுக்குகிறது. ஆகவே உவர் நிலத்துக்கு நேரடியாகத் தூள் இடுவதைவிட, நல்ல மண்ணும் நன்னீரும் கொண்ட நாற்றுமேடையில் பங்கசை வேருக்குள் குடியேற்றிவிட்டுப் பின் நடுவதே வழி. நேரடியாக விதைக்கும் பயறுக்கும் கச்சானுக்கும், மாரிமழை மேலுப்பைக் கழுவி இறக்கிய பின் விதைப்பது அதே காரணத்தால் நன்மை தரும்.

பங்கசு தனித்து நிற்க இயலாத இடத்தில் நீர் முறையைத் திருத்துங்கள். வேர்ப் பகுதியிலுள்ள உப்பைக் கீழே தள்ளுவதற்குப் பயிரின் தேவைக்கு மேல் எவ்வளவு நீர் வேண்டும் என்பதைக் கணக்கிடலாம்: பயிரின் எல்லையை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து நீரின் கடத்துதிறனைக் கழித்து, வரும் எண்ணால் நீரின் கடத்துதிறனை வகுக்க வேண்டும். கிணற்று நீரின் கடத்துதிறன் 1 ஆகவும் பயிர் மிளகாயாகவும் இருந்தால் 7.5 இலிருந்து 1 போக 6.5, ஒன்றை 6.5 ஆல் வகுக்க 0.15, அதாவது பாய்ச்சும் நீரில் 15 சதவீதம் வேரைக் கடந்து கீழே வடிய வேண்டும். கிணற்று நீர் 3 ஆகிவிட்டால் அதே மிளகாய்க்கு 67 சதவீதம் என்று வரும். எந்தக் கமக்காரராலும் இயலாத காரியம். அந்த 3 அலகு நீருக்குக் கௌபி என்றால் 14 சதவீதம் போதும், அதுவும் வடிகால் நல்ல இலேசான மண்ணில். இக்கணக்கைப் பங்கசு மாற்றாது. பயிரை மாற்றுவதா தூள் வாங்குவதா என்று தயங்குபவர்களுக்கு நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நடும் இடத்தையும் கவனியுங்கள். சால்வழியாக நீர் பாயும் திட்டில் உப்பு நடு முகட்டில் வந்து சேரும்; நாற்றை முகட்டில் நடாமல் சரிவில் நடுங்கள். சொட்டு நீர்ப்பாசனத்தில் உப்பு நனையும் வட்டத்தின் விளிம்பில் தங்கும். ஐப்பசியின் முதல் சிறுமழை அதை வேருக்குள் இறக்கும் என்பதால், அம்மழை பெய்யும் பொழுதில் சொட்டு நீரை நிறுத்தாதீர்கள். வைக்கோலாலோ பனை ஓலையாலோ மண்ணை மூடினால் ஆவியாதல் குறைந்து உப்பு மேலே ஏறுவதும் குறையும். மண் குளிர்ந்திருப்பதால் பங்கசுக்கும் நன்மை.

தை, மாசியில் நன்றாக இருந்து ஆனி, ஆடியில் கருகும் தோட்டங்களில் பிழை பெரும்பாலும் நீரிறைப்பில் இருக்கும். கரையோர நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால், கோட்பாட்டின்படி உவர்நீரின் எல்லை காலப்போக்கில் நாற்பது மீற்றர் மேலெழும். நீர்ப்பம்பியால் ஒரே மூச்சில் இறைப்பதை விட்டுச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் இறையுங்கள். மாதம் ஒரு முறை கிணற்று நீரை அளந்து எழுதி வையுங்கள்.

இதோடு ஒரு சிறு சோதனை. காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீரில் அசைக்காமல் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்தால் அது உப்பு மட்டுமன்று, சோடியம் மிகுந்த களர். அங்கே நீரை எவ்வளவு விட்டாலும் இறங்காது. மண் அறிக்கையின்படி ஜிப்சம் இட்டு வடிகால் வெட்டுவதே முதல் வேலை. பங்கசு அதற்குப் பின்னரே.

அறிகுறி: மண் ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது

உப்பளவு குறைவாக இருந்தால் நோயைத் தேடுங்கள். துவண்ட மிளகாய், கத்தரி, தக்காளி ஒன்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல் ஒழுகினால் அது பற்றீரியா வாடல். செடியைப் பிடுங்கி அகற்றுவதைத் தவிர அந்தப் போகத்தில் வழியில்லை. ஒழுகாவிட்டால் வேரைப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. பயறு, உளுந்து, கச்சான் வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, விரலால் உரசினால் கழன்று, பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் கணு நல்லது. அது நைதரசன் சேர்க்கும் பற்றீரியாவின் வீடு. இரண்டுமே வேர்ப்பங்கசு அன்று.

அறிகுறி: அடித்தண்டில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது

இதைக் கண்டு “பங்கசு பிடித்துவிட்டது” என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்கு வருத்தமாகவே இருந்தது. வேர்ப்பங்கசு வெறுங்கண்ணுக்குத் தெரியாது, மழைக்குப் பின் காளானாக முளைப்பதும் இல்லை. கச்சானின் அல்லது மிளகாயின் தண்டடியில் பஞ்சு போலப் படர்ந்து, கடுகளவான கபில உருண்டைகளோடு காணப்படுவது தண்டடி அழுகலைத் தரும் வேறொரு பங்கசு. அச்செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அகற்றி எரியுங்கள். வீட்டில் தூளைப் பெருக்கும் தொட்டியில் அந்த மண்ணை ஒருபோதும் போடாதீர்கள்.

அறிகுறி: சோளன் இலை ஊதாவாகிறது, அதுவும் தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும்

ஊதா நிறம் பொசுபரசுப் பசியைக் காட்டுகிறது. ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் அந்நிலத்தின் வரலாற்றைக் கேளுங்கள். மீள்குடியேற்றத்தின் பின் பற்றைக்காடாகிக் கிடந்த காணிகள் பல டோசரால் துப்புரவாக்கப்பட்டன. பற்றையோடு மேல்மண்ணும் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட இடங்களை இன்றும் பயிரின் நிறத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். வேர்ப்பங்கசின் பெரும்பகுதி மேல் 10 முதல் 20 சென்ரிமீற்றர் மண்ணிலேயே வாழ்வதால், மண் போன இடத்தில் அதுவும் போயிற்று. நீண்ட நாள் வெள்ளம் தேங்கிய தாழ்விலும், பயிரும் களையும் இன்றி வெறுமையாகக் கிடந்த நிலத்திலும் இதே குறை வரும். வேர்ப்பங்கசு மிகத் தெளிவான பலன் தருவது இத்தகைய இடங்களிலேதான். மழையோடு சணல் அல்லது கௌபி விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டி மேலேயே போட்டு, ரொட்டவேற்றரால் மாவாக அரைக்காமல் அடுத்த பயிரை இடுங்கள். ஆழமாகவும் அடிக்கடியும் உழுவது நூலிழை வலையை ஒவ்வொரு முறையும் அறுத்துவிடுகிறது.

அறிகுறி: நெல் வயலில் பலனில்லை

நீர் தேங்கி நிற்கும் சேற்றில் பங்கசுக்கு ஒட்சிசன் போதாது; சேற்று விதைப்பு வயலுக்கு வாங்கிக் கொடுக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. மானாவாரி வயலில் புழுதி விதைப்புச் செய்தால், நீர் கட்டுமுன்பே வேரைப் பிடித்துக்கொள்ள அதற்குச் சில வாரம் கிடைக்கும். இருந்தாலும் காலபோக நெல்லின் பின் எஞ்சிய ஈரத்தில் போடும் பயறுக்கே தூளை ஒதுக்குவது மேல்.

அறிகுறி: வீட்டில் பெருக்கிய தூள் வேலை செய்யவில்லை

சாணமும் சர்க்கரையும் கரைத்த நீரில் தூளைக் கலந்து ஒரு வாரம் ஊறவைத்தேன் என்று ஒருவர் சொன்னால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். திரைக்கோடெர்மாவை எருவில் பெருக்கலாம். வேர்ப்பங்கசு உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். வேரில்லாத கரைசலில் அது பட்டினியில் சாகிறது.

சரியான முறை இது. அவித்து ஆறவைத்த மணலும் மண்ணும் கலந்து, தொட்டியிலோ பொலித்தீன் விரித்த குழியிலோ நிரப்பி, நம்பகமான தூளை அல்லது உழப்படாத நல்ல நிலத்தின் மண்ணை ஒரு கைப்பிடியளவு வேரடியில் இட்டு, இறுங்கும் கௌபியும் சேர்த்து விதையுங்கள். மிளகாய், கத்தரித் தோட்டத்து மண்ணை எடுக்காதீர்கள். வாடலும் வட்டப்புழுவும் கூடவே வரும். உவர் நிலத்துக்கு வேண்டுமானால், பூநகரிப் பக்கத்தில் உப்போரம் வரை பச்சையாக நிற்கும் அறுகின் வேரோடு மண்ணை எடுங்கள். அறுகு இப்பங்கசை ஏற்கும் புல். அவ்வுப்பில் வாழப் பழகிய பங்கசு அதன் வேரில் இருக்க வாய்ப்புண்டு. அருகிலேயே செழித்திருக்கும் உமரியின் வேரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். உமரி கீரைத்தண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்று நான்கு மாதம் வளரவிட்டு, பொசுபரசுப் பசளை எதுவும் போடாமல், கடைசிப் பத்து நாள் நீரை நிறுத்துங்கள். செடி காயும்போது பங்கசு வித்திகளைச் சேமிக்கும். பின் தண்டை அறுத்து நீக்கி, வேரை விரலளவு துண்டுகளாக நறுக்கி, அதே மண்ணோடு கலந்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பையின் மேல் எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி, அடுத்த காலபோகத்துக்குள் பயன்படுத்தி முடியுங்கள். மீந்ததை நாற்றுமேடையில் இடுமுன், மேலே சொன்ன நான்கு தொட்டிச் சோதனையை மறுபடியும் செய்துகொள்ளுங்கள்.